சொன்னார், சொல்லியிருப்பார்

எங்கள் ஊர் ஆழ்வார்திருநகரியில் ‘ஆழ்வார்’ என்று மட்டும் சொன்னால் அது நம்மாழ்வார்தான். மற்றவர்களுக்குப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் எழுத்து எப்படிப்பட்டது என்று ஓர் ஆவணம் தயாரிக்க என் அண்ணன் மகன் உட்கார்ந்தபோது நான் சொன்ன முதல் விதி இது. அவன் மடிக்கணினியில் தட்டிக்கொண்டான்.

2025 தைப் பிறப்புக்கு நாலு நாள் முன்னால், விடியற்காலையில், தாமிரபரணிப் படித்துறையில் பாசி வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்கு முந்தின ஒரு வருடமாக முகநூலில் தினமும் ஒரு குறிப்பு எழுதிவந்தேன். ஆழ்வாரின் திருவாய்மொழியில் ஒரு சொல், அதற்கு ஈடு என்ற உரையில் என்ன இருக்கிறது, அதை என் அப்பா திண்ணையில் எப்படி விளக்குவார் என்று பத்துப் பதினைந்து வரி. கை போனதும் குறிப்பும் நின்றது. பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த அண்ணன் மகன், கைபேசியிடம் பேசினால் அது எழுதிக்கொள்ளும் வசதியை முதலில் காட்டினான். என் திருநெல்வேலிப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. ஒற்றெழுத்தை வேண்டிய இடத்தில் விட்டது, வேண்டாத இடத்தில் போட்டது. முப்பது வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அப்ப செயற்கை நுண்ணறிவை எழுதச் சொல்லலாம் அத்தை. நீங்க விஷயத்த மட்டும் சொன்னாப் போதும். ஆனா அதுக்கு உங்க குரல் தெரியணும்” என்றான்.

குரல் என்று அவன் சொன்னது நடையை. அந்தச் செயலி என்னை ஞாபகம் வைத்துக்கொள்ளப்போவதில்லை, நாம் கொடுக்கும் ஆவணத்தை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் படித்து, இதற்கு அடுத்து எந்தச் சொல் வருவது பொருத்தம் என்று பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டு போகும் என்று விளக்கினான். ஆகவே ஆவணம் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நான் எழுதிய குறிப்புகளை எல்லாம் ஒன்று திரட்டி, இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டான்.

அந்த இரண்டு நாளும் எனக்கு நல்ல நாட்கள். அதை மறைக்க மாட்டேன். தன் எழுத்தை இவ்வளவு கவனமாக இன்னொருவர் படிப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? நான் ‘மிகவும்’ எழுதுவதில்லை, ‘ரொம்ப’ என்றே எழுதுகிறேன் என்று அவன்தான் கண்டுபிடித்தான். ‘அற்புதம்’, ‘ஆழமான’ இரண்டும் ஒரு குறிப்பிலும் இல்லை. ஆச்சரியக்குறியே கிடையாது, மற்றவர்கள் போட்ட ஆச்சரியக்குறிகளை அடித்து அடித்து எனக்கு அதன்மேல் வெறுப்பு வந்திருந்தது. ‘இறைவன்’ என்று எழுத மாட்டேன், ‘பெருமாள்’தான். ஆற்றிலிருந்தோ அடுப்பிலிருந்தோ தொடங்கி மூன்றாம் வரியில் பாசுரத்துக்கு வருவேன். முடிக்கும்போது வாழ்த்துச் சொல்ல மாட்டேன், சட்டென்று நிறுத்திவிடுவேன். பாதிக்குமேல் குறிப்புகளில் ‘அப்பா சொல்வார்’ என்று ஒரு வாக்கியம் உண்டு. அதையும் எழுதிக்கொண்டான்: ‘தந்தையின் கூற்று ஒன்றை மேற்கோளாகத் தருவது இவருடைய வழக்கம்.’

பட்டியல் நாற்பது உருப்படியைத் தாண்டியபோது நான் ஒரு பென்சிலை இடதுகையில் பிடித்து, எது எங்கிருந்து வந்தது என்று குறித்துப் பார்த்தேன். ‘பாருங்கள்’ என்று வாக்கியத்தை முடிப்பது அப்பா. கேள்வியைத் தானே கேட்டுத் தானே பதில் சொல்வது அப்பா. அவருக்கு அது பு.ரா.புருடோத்தம நாயுடு எழுதிய ஈட்டின் தமிழாக்கத்திலிருந்து வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அப்பா உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர் சம்பளத்தில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். நாயுடுவுக்கு அந்தக் கேள்வி-பதில் நடை ஈட்டிலிருந்து வந்தது. ஈடு என்பதோ நம்பிள்ளை ஸ்ரீரங்கத்தில் வாயால் சொன்னது. ஆற்றிலிருந்து தொடங்குவதும் ஆச்சரியக்குறி போடாததும் மட்டும் என்னுடையவை என்று தைரியமாகச் சொல்லலாம். மற்றதெல்லாம் எழுநூறு வருடமாகக் கைமாறி வந்த பாத்திரங்கள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆறேழு பேர் கூடுவார்கள். பலசரக்குக் கடைக்காரர், ஒரு கொத்தனார், தபால்காரர், இரண்டு ஓய்வுபெற்ற வாத்தியார்கள், சில நாள் கோயில் மேளக்காரர். அப்பா ஒரு பாசுரத்தை எடுத்து ஈட்டின் வழியாகச் சொல்வார். இருபத்தைந்து வருடத்துக்குமேல் நடந்தது. பேசப்போவதையும், பேசினபின் யார் என்ன கேட்டார்கள் என்பதையும் பிரில் மையில் நோட்டில் எழுதிவைப்பார். பதினான்கு நோட்டுகள். அவர் 2006-ல் காலமானார். நோட்டுகளை இரும்புப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன்.

2023 டிசம்பர் 17, 18 எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போன ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பேர் உள்ளேயே தவித்தார்கள். தாமிரபரணி எங்கள் தெருவுக்கு வந்தது. இடுப்பளவு தண்ணீர். நான் பக்கத்து மச்சு வீட்டில் இரண்டு ராத்திரி இருந்தேன். தண்ணீர் வடிந்து பெட்டியைத் திறந்தபோது பதினான்கு நோட்டும் இருந்தன, எழுத்து இல்லை. மை கரைந்து பக்கம் பக்கமாக ஒரே நீலம். பரணில் இருந்த நாயுடுவின் பத்துத் தொகுதிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அச்சடித்தது தங்கியது, அப்பா போனார். அன்றைக்கு நான் அழுத அழுகை அவர் இறந்தபோதுகூட அழவில்லை.

முகநூலில் குறிப்பு எழுதத் தொடங்கியது அதனால்தான். ஞாபகத்தில் இருக்கிற வரைக்கும் எழுதிவிடுவோம் என்று 2024 மாசியில் ஆரம்பித்தேன்.

ஞாபகம் எப்படி வரும் என்பதற்கு ஓர் உதாரணம். ஈடு என்ற சொல்லைப் பற்றிப் பேச்சு வந்த சனிக்கிழமை. கடைக்காரர் அந்த வாரம்தான் மகள் படிப்புச் செலவுக்கு மனைவியின் சங்கிலியை அடகு வைத்திருந்தார். “ஈடுன்னா அடகுதானய்யா?” என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. “அடகுதாம் வே. நகை மட்டுமில்ல, கேட்ட வார்த்தையும் ஈடுதான். மீட்காம விட்டா மூழ்கிரும்” என்றார். மின்சாரம் இல்லாத ராத்திரி. தபால்காரர் கையில் டார்ச் இருந்தது, அதை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் டார்ச் வெளிச்சமும் கூடவே வரும். டார்ச்சை நினைத்தால் வாக்கியம் வரும்.

ஆவணம் தயாரானபின் செயலி எழுதிய முதல் வரைவைப் படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. ‘மிகவும்’ இல்லை, ஆச்சரியக்குறி இல்லை, ஆற்றங்கரையில் தொடங்கிற்று. நான் சொன்ன செய்தி, என் நடை. இரண்டு சொல்லை மாற்றிப் போட்டேன். மாவுக்கட்டு எடுத்தபின்னும் கை முழுசாக மடங்கவில்லை. ஆகவே பழக்கம் தொடர்ந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி உற்சவம், ஒன்பது கருட சேவை எல்லாம் அப்படியே போயின. காலையில் பாசுரத்தையும் ஈட்டின் கருத்தையும் நான் சொல்வேன், அது எழுதும், நான் பார்த்துப் போடுவேன். ஆடி மாதத்துக்குள் பார்ப்பதும் வேகமாகிவிட்டது. புரூஃப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நன்றாக அடித்த பக்கத்தில்தான் பிழை தப்பும்.

ஆவணியில் ஒருநாள் உறங்காப்புளியைப் பற்றிய குறிப்பு. ஆழ்வார் பதினாறு வருடம் பேசாமல் இருந்த மரம் அது. மற்றப் புளியமரங்கள் ராத்திரி இலையை மூடும், இது மூடாது என்பார்கள். அந்தக் குறிப்பில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: ‘அப்பா சொல்வார், கேள்வியோடு வருகிறவன் எந்த ராத்திரி வந்தாலும் இங்கே ஒன்று விழித்திருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த மரம் உறங்கவில்லை.’ படித்ததும் எனக்குக் கண் கலங்கியது. தெற்கே வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு அயோத்தியிலிருந்து கேள்வியோடு நடந்து வந்த மதுரகவியை அப்பா இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது என்று நினைத்தேன். போட்டேன். வழக்கத்தைவிட நிறைய பேர் பகிர்ந்தார்கள்.

மறுநாள் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். எண்பது வயது, பேரன் கைபேசியில் படித்துக் காட்டுவான். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “யம்மா, ஐயா இத எப்பச் சொன்னாவ? எனக்கு ஞாபகமே வரலியே. நான் வராத சனிக்கெழமையா?” என்று கேட்டார். குற்றம் சாட்டவில்லை. தான் ஒன்றைத் தவறவிட்டோமே என்ற ஏக்கத்தில் கேட்டார்.

யோசித்தேன். டார்ச் வரவில்லை, மழை வரவில்லை, யாருடைய முகமும் வரவில்லை. அந்த வாக்கியத்துக்கு ஒரு சாயங்காலம் இல்லை. அப்பா அதைச் சொல்லவில்லை.

அண்ணன் மகனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவன் செயலியிடம் கேட்டான். தந்தையின் கூற்றைத் தருவது வழக்கம் என்று ஆவணத்தில் இருந்ததால் பொருத்தமான ஒன்றை அமைத்ததாகவும், தவறுக்கு வருந்துவதாகவும், வேண்டுமானால் வேறு கூற்று தரமுடியும் என்றும் அது பதில் சொல்லிற்று. அவன் அதைப் படித்துக் காட்டும்போது எனக்கு உடம்பு நடுங்கியது. கோபம் அதன்மேல் இல்லை. அது கேட்டதைச் செய்தது. அப்பாவைப் பற்றிய கடைசிச் சாட்சி என் ஞாபகம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தும், படித்துப் பார்த்துக் கண்கலங்கிப் போட்டது நான்.

தமிழில் ஒரு வினை வடிவத்தில் இதெல்லாம் அடங்கியிருக்கிறது. ‘சொன்னார்’ என்பது ஒன்று, ‘சொல்லியிருப்பார்’ என்பது வேறொன்று. அந்தச் செயலியால் முடிந்ததெல்லாம் ‘சொல்லியிருப்பார்’. இப்படிப்பட்டவர் இந்த இடத்தில் எதைச் சொல்லியிருப்பார் என்பதை அது திறமையாக, சில சமயம் அழகாகவே காண்கிறது. ஆனால் எழுதும்போது ‘சொன்னார்’ என்று எழுதிவிடுகிறது. அச்சகத்தில் மூலத்தில் இல்லாத ஒரு சொல் புரூஃபில் இருந்தால், அது எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு ஆசிரியருக்கு அனுப்புவோம். பொருத்தமாக இருப்பதுதான் ஆபத்து. பொருந்தாத பிழையை வாசகரே திருத்திக்கொள்வார். பொருந்துகிற பிழை அடுத்த பதிப்பில் மூலமாகிவிடும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. பல நாள் தூங்கவில்லை. நஞ்சீயர் திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி என்று ஓர் உரை எழுதினார். படி என்றால் 32 எழுத்துகள் கொண்ட அளவு. அதை நல்ல கையெழுத்தில் படியெடுக்க நம்பூர் வரதராசர் என்பவரிடம் கொடுத்தார், ஒருமுறை முழுவதும் சொல்லியும் கொடுத்தார். வரதராசர் ஓலைக்கட்டோடு ஊருக்குப் போகும்போது காவிரியில் வெள்ளம். கட்டைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார். அலை வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் வெற்றோலை வாங்கி, ஆசாரியரிடம் கேட்டதை நினைத்து நினைத்து முழுவதையும் மறுபடி எழுதினார். தமக்குத் தோன்றிய பொருளையும் சில இடங்களில் சேர்த்தார். கொண்டுவந்து கொடுத்தபோது நஞ்சீயர் பார்த்தார்; தாம் எழுதியதைவிட அதிகம் இருக்கிறதே என்று கேட்டார். இவர் பயந்துபோய் நடந்ததைச் சொன்னார். நஞ்சீயர் அவரைத் தழுவிக்கொண்டு ‘நம்பிள்ளை’ என்று பெயர் கொடுத்தார். வெள்ளத்துக்குப் பிறகு எத்தனை தடவை நான் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அப்படியானால் நம்பிள்ளை செய்ததும் ‘சொல்லியிருப்பார்’தானே? சேர்த்தும் இருக்கிறார். நானே என் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோது, ஒன்றில் இரண்டு சனிக்கிழமைகளை ஒன்றாக ஒட்டியிருந்தேன், இன்னொன்றில் அப்பாவின் வாக்கியத்தைச் செதுக்கியிருந்தேன். எந்த உரிமையில் நான் அந்தச் செயலியைக் குறை சொல்வது?

இதற்கு எதிர்ப்பக்கத்துக் கதையும் நம்பிள்ளையின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அவர் பெரியவரான பிறகு ஸ்ரீரங்கத்தில் பகலில் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்வார். அவருடைய மாணவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை பகலில் கேட்டதை ராத்திரியில் ஓலையில் எழுதிவைத்தார், யாருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் நம்பிள்ளை அவர் வீட்டுக்கு எழுந்தருளியபோது பெருமாள் பெட்டியருகே அந்த ஓலைக்கட்டுகளைப் பார்த்தார். மறந்துபோகாமல் இருக்க எழுதினேன் என்றார் மாணவர். நம்பிள்ளை அதில் குறை கண்டதாகக் கதை சொல்லவில்லை, மகிழ்ந்தார் என்றே சொல்கிறது. ஆனாலும் தம் அனுமதி இல்லாமல் எழுதினது என்று வாங்கிக்கொண்டு, ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் கொடுத்துவிட்டார். அதுதான் ஈடு, முப்பத்தாறாயிரப்படி. பல தலைமுறைகளுக்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று ஓராண்வழியாகவே அது வந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. சொல்லை மாற்றி எழுதியவருக்குப் பெயர் கிடைத்தது. சொல் பிசகாமல் எழுதியவரிடமிருந்து ஓலை வாங்கப்பட்டது. ஆக, ஒத்திருப்பது அளவுகோல் இல்லை. நம் காலத்தில் குரல் என்றால் ஒத்திருப்பது என்று நினைத்துவிட்டோம். ஆவணம் போடுவதே எவ்வளவு ஒத்திருக்க வைக்கலாம் என்பதற்காகத்தான். ஆசாரியர்கள் வேறொன்றைக் கேட்டிருக்கிறார்கள். யார் முன்னால் கொண்டுபோய் வைத்தாய்? கேட்டால் பதில் சொல்ல நிற்கிறாயா? நம்பிள்ளை தாம் எழுதியதைக் கேட்கக்கூடிய ஒரே மனிதரிடம் நேரே கொண்டுபோனார். கேட்டதும் பயந்தார். அந்தப் பயத்தில்தான் அவருடைய நேர்மை இருக்கிறது. தம்முடைய சொல் எது, ஆசாரியர் சொல் எது என்று அவருக்கு உள்ளே தெரிந்திருந்தது. செயலி வருத்தம் தெரிவித்த வாக்கியத்தில் பயம் இல்லை, ஏனென்றால் அதற்குள் ‘இது கேட்டது, இது நானாகச் சேர்த்தது’ என்ற கோடே இல்லை. அதற்கு எல்லாமே பொருத்தமான அடுத்த சொல்.

அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் சின்ன வயதில் இதே திண்ணையில் தாத்தா மடியில் தூங்கினவன், விஷயம் தெரிந்தவன். விடவில்லை.

“அத்தை, ஆழ்வாரே நான் பாடல, பெருமாள்தான் என்னைக் கருவியா வச்சுத் தன்னைத் தானே பாடிக்கிட்டார்னு சொல்றாரே. உங்க சம்பிரதாயத்துல ‘என் குரல்’னு ஒண்ணு கிடையவே கிடையாதே. அப்ப கருவி மனுஷனா இருந்தா என்ன, மெஷினா இருந்தா என்ன?”

நல்ல கேள்வி. உடனே பதில் வரவில்லை. திருவாய்மொழி ஏழாம் பத்தில் ஒன்பதாவது பதிகத்தைத்தான் அவன் சொன்னான். அன்று ராத்திரி நாயுடுவின் தொகுதியை எடுத்து அந்தப் பதிகத்தைப் படித்தேன். பதினோரு பாட்டு. ஆழ்வார் அதில் கருவியாக இருப்பதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பெரிய பெரிய கவிகள் இருக்க, அவர்களை விட்டுவிட்டு என்னைக் கொண்டு பாடிக்கொண்டானே என்று திகைக்கிறார். இந்த உதவிக்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று தவிக்கிறார். உயிரைக் கொடுக்கலாம் என்றால் அது ஏற்கெனவே அவனுடையது, கொடுக்க ஒன்றுமே இல்லையே என்று நிற்கிறார். தன் வாயில் வந்தது தன்னுடையது இல்லை என்று சொல்வதோடு, அது யாருடையது என்பதையும் பாட்டுக்குப் பாட்டு சொல்லிக்கொண்டே போகிறார். ‘என்னுடையது இல்லை’ என்பது அவரிடத்தில் பொறுப்பைக் கழற்றிப்போடுவது இல்லை, கடனை ஒப்புக்கொள்வது.

அந்தப் பாதையில் வந்தவர்கள் எல்லாரும் அப்படியே. மதுரகவி ஆழ்வார் பக்கத்தில் இருந்து ஆழ்வார் பாடினதை எழுதினார் என்பார்கள். அவர் தாமாகப் பாடியது பதினோரு பாட்டுத்தான், அத்தனையும் ஆழ்வாரைப் பற்றி. ஆழ்வார்கள் பாடிய நாலாயிரமும் வழக்கொழிந்து கிடந்த காலத்தில் நாதமுனிகள் எங்கள் ஊருக்கு வந்து, அந்தப் பதினோரு பாட்டைப் பன்னீராயிரம் தடவை சொல்லித்தான் எல்லாவற்றையும் பெற்றார் என்பது வரலாறு. ஈட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் இது பட்டர் சொன்னது, இது நஞ்சீயர் கேட்டது, இதற்கு இன்னார் இப்படிச் சொல்வர் என்று பெயர் பெயராக வரும். தனக்கென்று குரல் வேண்டாம் என்றவர்கள்தான் எது யாருடைய சொல் என்பதில் இத்தனை கறாராக இருந்திருக்கிறார்கள். 1370-ல் எங்கள் ஊரில் பிறந்த மணவாள மாமுனிகள் உபதேச ரத்தினமாலையில் யாரைக் கண்டிக்கிறார் என்று பாருங்கள். தவறான பொருள் சொல்கிறவர்களை இல்லை. தன் மனதில் தோன்றியதைச் சொல்லிவிட்டு, இது முன்னோர் சொன்னது என்று சாதிக்கிறவர்களை. அந்தப் பாட்டை அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அது என்னைப் பற்றியதாகும் என்று நான் நினைத்ததில்லை.

அண்ணன் மகனுக்கு இவ்வளவும் எழுதி அனுப்பினேன், கையாலேயே. மூன்று நாள் ஆயிற்று. ‘ஒத்துக்கிறேன் அத்தை’ என்று பதில் வந்தது. பிறகு இன்னொன்றும் அனுப்பினான்: ‘ஆனா அந்த வாக்கியம் நல்லாத்தான் இருந்தது.’ ஆமாம், நல்ல வாக்கியம்தான். இன்றைக்கும் உறங்காப்புளியைச் சுற்றி வரும்போது அது தானாக மனதில் வருகிறது. அப்பாவின் குரலிலேயே வருகிறது. இன்னும் பத்து வருடம் இருந்தேனானால் அதற்கு ஒரு டார்ச்சும் ஒரு மழையும் முளைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

திருத்தம் போட்டேன். ‘சென்ற வாரம் அப்பா பெயரில் வந்த வாக்கியம் அவர் சொன்னது அல்ல. ஒரு செயலி அமைத்தது. சரிபார்க்காமல் போட்டது என் பிழை. பகிர்ந்தவர்கள் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.’ மூலக் குறிப்பைப் பகிர்ந்தவர்களில் கால்வாசிப் பேர்கூட இதைப் பகிரவில்லை. பலர் ஆறுதல் சொன்னார்கள். யார் சொன்னால் என்ன, கருத்து நல்லதுதானே என்றார்கள். என்மேல் உள்ள அன்பில் சொன்னார்கள். ஆனால் அந்த ஆறுதல்தான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. யார் சொன்னால் என்ன என்றால் அப்பா எதற்கு இருந்தார்? இருபத்தைந்து வருடம் சனிக்கிழமை தவறாமல் எதற்குத் தொண்டையைத் தேய்த்தார்?

ஆவணத்தை அழிக்கவில்லை. அதில் என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டது நிறைய இருக்கிறது. கருட சேவை எத்தனை மணிக்கு, எந்த வீதியில் எப்போது புறப்பாடு என்பது போன்ற அறிவிப்புகளை இப்போதும் அதைக் கொண்டு எழுதச் சொல்கிறேன். அதில் யாருடைய வாயிலும் சொல் வைக்க வேண்டியதில்லை. அப்பாவைப் பற்றிய அந்த விதியை மட்டும் அடித்துவிட்டேன். அந்த இடத்தில் ‘யார் சொன்னதாகவும் எதையும் எழுதாதே’ என்று போட்டிருக்கிறேன். அடிக்கும்போது அண்ணன் மகன் தட்டியிருந்த சொல்லைப் பார்த்தேன், ‘வழக்கம்’. அப்பா பேசியது என் எழுத்தின் வழக்கமாகிவிட்டிருக்கிறது. எழுத்தின் வழக்கம் என்று ஆனபிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம்தானே.

ஐப்பசியிலிருந்து கடைக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் வருகிறார். அந்தக் கூட்டத்தில் உயிரோடு இருப்பது அவரும், தபால்காரரும், நானும்தான். தபால்காரருக்குக் காது கேட்காது, ஆனாலும் வந்து உட்கார்வார். நான் ஒரு நீளநோட்டு வாங்கியிருக்கிறேன். மையில் எழுதுவதில்லை, பென்சிலில் எழுதுகிறேன். தண்ணீருக்குப் பென்சில் கரையாது. கை இன்னும் முழுசாக மடங்கவில்லை, எழுத்து குழந்தை எழுதினது மாதிரி கோணல்மாணலாக இருக்கிறது. இடதுபக்கம் வாக்கியம். வலதுபக்கம் கேட்டவர் யார், எந்தக் காலம், கூட என்ன நடந்தது. வலதுபக்கம் காலியாக இருந்தால் அங்கே ஒரு கேள்விக்குறி.

போன வாரம் ஈடு-அடகுப் பேச்சை அவரிடம் சொன்னேன். டார்ச்சையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “டார்ச்சு சரிதாம்மா. ஆனா ஐயா ‘மூழ்கிரும்’னு சொல்லல. ‘மூழ்க விட்றாதீங்க வே’ன்னாவ. என்னைப் பாத்துச் சொன்னாவ. மறுநா பணத்துக்கு வழி பண்ணி அவாளே சங்கிலிய மீட்டுக் குடுத்தாவ” என்றார்.

சங்கிலியை அப்பா மீட்டுக் கொடுத்தது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

என் வாக்கியத்தை அடிக்கவில்லை. அதற்குக் கீழே அவருடையதை எழுதினேன். வலதுபக்கத்தில் ஒன்றுக்கு என் பெயரையும் மற்றொன்றுக்கு அவர் பெயரையும் போட்டுவிட்டு, சங்கிலி என்று எழுதி, எந்த வருடம் என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.